முதல் பதினேழாயிரத்தை யார் தருவது?

அபிராமம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "அண்ணே, வெளிநாட்டுல படிக்க ஐஇஎல்டிஎஸ்னு ஒரு பரீட்சை எழுதணுமாம். பதினேழாயிரத்துக்கு மேல கட்டணுமாம். மார்க் கொறஞ்சுட்டா பணத்தத் திருப்பித் தருவாங்களாண்ணே?"

தர மாட்டார்கள் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2025-26ஆம் ஆண்டுக்கு அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். ஐம்பது நாள் கூலியை அப்படியே எடுத்து வைத்தாலும் இந்தக் கட்டணத்துக்குப் போதாது.

நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் சவுதி, துபாய், மலேசியா. கடன் வாங்கி வேலைக்குப் போவார்கள். படிக்கப் போகலாம் என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கியிருப்பதே பெரிய மாற்றம். அதற்கு அரசின் உதவியும் உண்டு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. ஒன்றிய அரசுத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கான இடங்கள், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்குக் கிடையாது. மாநிலத் திட்டத்தில் அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. உதவித்தொகை வேண்டுமென்றால் முதலில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும். இடம் கிடைக்க ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் வேண்டும். மதிப்பெண் வாங்கப் பயிற்சியும் கட்டணமும் வேண்டும். லட்சங்களைத் தர அரசு தயாராக இருக்கும்போது, முதல் பதினேழாயிரத்திலேயே நம் பிள்ளை நின்றுவிடுகிறது. இரண்டாம் முறை எழுத நேர்ந்தால் மீண்டும் அதே தொகை. வாங்கிய மதிப்பெண்ணும் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

அண்ணல் அம்பேத்கருக்கே இது நடந்தது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916இல் லண்டனில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் கிடைத்துத்தான் 1920இல் மறுபடி லண்டன் போக முடிந்தது. அவரை நிறுத்தியது பணம்தான், அறிவு அல்ல.

தாட்கோ இந்தத் தேர்வுக்குப் பயிற்சி தருகிறது, செலவையும் ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் என்னிடம் பேசிய மாணவிக்கு அது தெரியாது. ஒரு செய்திக்குறிப்போடு அறிவிப்பு முடிந்துவிடக் கூடாது. சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியிருக்கும் நம் விடுதிகளில், கல்லூரி முதலாண்டிலிருந்தே மாலை வகுப்பாக இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும். தேர்வுக் கட்டணமோ பயணச் செலவோ மாணவர் கையிலிருந்து முதலில் போகாதபடி மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என இதில் நான்கு பகுதிகள். தேர்ச்சி, தோல்வி கிடையாது. 9க்கு எத்தனை என்பதே கணக்கு. பல பல்கலைக்கழகங்கள் 6.5 கேட்கின்றன. எழுதுதலில் ஒரு கேள்வி, ஒரு கருத்தைச் சொல்லி 250 சொற்களில் காரணம் காட்டச் சொல்கிறது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் தமிழில் நீங்கள் செய்ததுதான் அது. தமிழ் முதுகலை படித்தவன் சொல்கிறேன்: தமிழில் ஒழுங்காக வாதம் வைக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. மீதி, தினமும் ஒரு மணி நேரப் பழக்கம்.

பணம் கட்டுமுன் நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் விதிகளைப் படியுங்கள். கட்டணம் குறைந்த டுவோலிங்கோ தேர்வைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆங்கில வழியில் பட்டம் படித்ததற்குக் கல்லூரி தரும் சான்றே போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. முதலில் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நாலு பேராகப் போங்கள்.

அந்த மாணவியோடு நானும் போகிறேன்.