வல்வில் ஓரியும் தீபிகா குமாரியும்

சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஓய்மானாட்டை ஆண்டவன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் அந்நூல், காரியோடு பொருத ஓரியைக் கடைசியில் நிறுத்துகிறது. காரி, திருக்கோவலூரை ஆண்ட மலையமான். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. அப்பகையில் மாண்டவன் ஓரி. ஆயினும் அவனை 'வல்வில்' என்னும் அடைமொழியோடுதான் தமிழ் நினைவில் வைத்திருக்கிறது. யானை தொடங்கி உடும்பு வரை ஐந்து உயிர்களை ஊடுருவிய அவனது ஒற்றை அம்பை வன்பரணர் புறநானூற்றில் (152) பாடினார். அவன் எப்படி முடிந்தான் என்பது அந்தப் புகழைக் குறைக்கவில்லை.

இந்த நியாயத்தை நம் காலத்து வில்லாளி ஒருத்திக்கு நாம் ஏன் மறுக்கிறோம் என்பதே என் கேள்வி.

ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாக 1994-இல் பிறந்தவர் தீபிகா குமாரி. மாங்காய்களைக் கல்லால் குறிபார்த்து வீழ்த்திய சிறுமி, மூங்கில் வில்லில் பழகி, 2006-இல் ஜாம்ஷெட்பூரின் டாடா வில்வித்தைப் பயிலகத்தில் சேர்ந்தார். மாதம் ஐந்நூறு ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளில் தனிநபர், குழு என இரு தங்கம். 2012-இல் உலகத் தரவரிசையில் முதலிடம். 2021-இல் பாரிஸ் உலகக் கோப்பையில் ஒரே நாளில் மூன்று தங்கம். 2022 டிசம்பரில் தாயானவர், 2024-இல் ஷாங்காயில் வெள்ளி வென்றார்; அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதிச்சுற்றில் சீனாவின் லி ஜியாமானிடம் தோற்று, அப்போட்டியில் தமது ஐந்தாவது வெள்ளியைப் பெற்றார்.

இத்தனைக்கும் பிறகு அவரைப் பற்றி எழுதப்படும் முதல் வாக்கியம் 'ஒலிம்பிக் பதக்கம் பெறாதவர்' என்பதாகவே இருக்கிறது.

அது பொய்யன்று. முதலிடத்தோடு லண்டன் சென்றவர் 2012-இல் முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2016 ரியோவிலும் பதக்கச் சுற்றை எட்டவில்லை. டோக்கியோவிலும் பாரிஸிலும் காலிறுதியில் கொரிய வீராங்கனைகளிடம் தோற்றார். பாரிஸில் 4-2 என முன்னிலை பெற்றிருந்தும் ஆட்டம் கைநழுவியது. பெருங்களத்தில் அவரது கை தளர்ந்தது என்று சொல்பவர்களை முற்றிலும் மறுக்க இயலாது.

ஆனால் அந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பதையும் பார்க்க வேண்டும். இலக்கு எழுபது மீட்டர் தொலைவில். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர், ஓர் அம்புக்கு இருபது விநாடி. 1984 முதல் 2024 வரை மகளிர் தனிநபர் தங்கத்தைக் கொரியாவிடமிருந்து பறித்தவர் ஒரே ஒருவர்: 2008 பெய்ஜிங்கில் சீனாவின் ஜாங் ஜுவான்ஜுவான். காலிறுதி, அரையிறுதி, இறுதி என மூன்று கொரியர்களை அடுத்தடுத்து வீழ்த்தினார். இறுதியில் 110-109. ஒரே ஒரு புள்ளி! அந்தப் புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால் ஜாங்கின் உழைப்பு குறைந்தா போயிருக்கும்?

சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் தம் குலத்துக் குமரி ஒருத்திக்குப் புலித்தோல் உடுத்தி, கையில் வில் கொடுத்து, கலைமான் மேல் ஏற்றிக் கொற்றவையாக்குகிறார்கள். அவளிடம் வேண்டுவது வெற்றி. நான்காண்டுக்கு ஒருமுறை நாமும் இதையே செய்கிறோம். தெய்வமாக்குவது, வரம் கேட்பது, கிடைக்காவிடில் ஏசுவது. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெண் எங்கே பயின்றாள், எதை உண்டாள், யாருடைய துணையால் பிள்ளை பெற்றபின் மீண்டும் வில் ஏந்தினாள் என்று நாம் கேட்பதில்லை.

இது தொலைதூரத்து விளையாட்டு வீராங்கனை ஒருவரைப் பற்றிய விவாதம் மட்டுமன்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரிக்கு வரும் பெண்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களில் ஒருத்தி ஓடவோ, எறியவோ, வில் பிடிக்கவோ விரும்பினால் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'அதனால் என்ன கிடைக்கும்?' என்பது. போட்டித் தரமான வில்லும் துணைக்கருவிகளும் இலட்ச ரூபாயைத் தாண்டும் நிலையில் அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அக்கேள்விக்கு வலுவூட்டுபவர்கள் நாம்தாம். பதினைந்தாண்டுகளுக்கும் மேலாக உலகின் முன்வரிசையில் நின்ற ஒருத்தியையே 'என்ன கிடைத்தது?' என்று கேட்கும் சமூகம், தன் மகளுக்கு எப்படி வில் வாங்கித் தரும்?

பதக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வரவேண்டுமானால் தோற்றாலும் மதிப்புண்டு என்ற உறுதியில் பயிலும் பெண்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஊர்தோறும் களமும் கருவியும் பயிற்றுநரும் வேண்டும். ஓரியை வல்வில் என்றே அழைத்த மொழிக்கு இந்த மதிப்பீடு புதிதன்று. தீபிகாவையும் அந்த அளவுகோலால் அளக்கத் தொடங்குவோம்.