கருப்பட்டிக் காபியும் சீனித்துளசியும்

மாணவ நண்பர்களே, ‘கருப்பட்டிக் காபி’, ‘நாட்டுச்சர்க்கரை டீ’ என்று பலகை எழுதிய கடைகள் இன்று தமிழ்நாடு முழுவதும் உள்ளன. தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையும் இதற்கு விலக்கல்ல. “தாத்தாவுக்குச் சர்க்கரை நோய், அதனால் சீனி போடாதே, கருப்பட்டி போடு” என்று வீடுகளிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சு அறிவியலுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

சீனி என்பது என்ன? சுக்ரோஸ் என்னும் பொருள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்திருக்கின்றன. குடலில் அந்தக் கை விடுபட்டதும் குளுக்கோஸ் இரத்தத்தில் சேருகிறது. கரும்பு வெல்லத்திலும் பனங்கருப்பட்டியிலும் பெரும்பகுதி இருப்பது இதே சுக்ரோஸ்தான். 100 கிராம் சீனியில் சுமார் 400 கிலோ கலோரி ஆற்றல் உண்டு. வெல்லத்தில் 350 முதல் 380 வரை. தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் முன்னரே பிரிந்து கிடக்கின்றன. ஊருக்குத் தேனீயின் பெயரே இருந்தாலும் கணக்கு மாறாது! வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒரு தம்ளர் காபியில் போடும் 10 கிராமில் எவ்வளவு வந்துவிடும்? இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும் கேழ்வரகும் இருக்கின்றன. கருப்பட்டியின் மணத்துக்காகக் குடியுங்கள். அதை மருந்து என்று எண்ணிக் குடிக்காதீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை இது. 1747-இல் ஜெர்மனியின் மார்க்கிராஃப் என்ற வேதியியலார் உலர்ந்த திராட்சையிலிருந்து ஒரு சர்க்கரையைப் பிரித்து, அது கரும்புச் சர்க்கரையிலிருந்து வேறுபட்டது என்று கண்டார். அதுதான் குளுக்கோஸ். ஜெர்மன் மொழியில் இன்றும் அதற்குத் ‘திராட்சைச் சர்க்கரை’ என்றே பெயர். ஆய்வுக்கூடத்தில் தாத்தாவின் இரத்தத்தில் அளப்பதும் அதே பொருளைத்தான். அப்படியானால் திராட்சை தின்னக்கூடாதா? அப்படியல்ல. பழத்தை மென்று தின்னும்போது நாரும் நீரும் சேர்ந்து வருகின்றன. கொஞ்சம் தின்றதும் வயிறு நிறைகிறது. பிழிந்து சாறாக்கினால் ஒரு கொத்துப் பழத்தின் சர்க்கரை இரண்டு மடக்கில் உள்ளே போய்விடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சீனியோடு தேனையும் பழச்சாற்றையும் சேர்த்துக் குறைக்கச் சொன்னது. முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சாகுபடி செய்பவருக்கும் தின்பவருக்கும் இதில் நட்டமில்லை.

உண்மையிலேயே வேறு வகையான இனிப்பு ஒன்று உண்டு. அது சீனித்துளசி. பெயரில்தான் துளசி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டுக் குவரானி மக்கள் இதன் இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய ஸ்டீவியால் கிளைகோசைடுகள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானவை. நாக்கின் இனிப்பு உணர்விகளை அவை தூண்டுகின்றன. ஆனால் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அவற்றை உடைக்க, மிஞ்சும் ஸ்டீவியால் கல்லீரல் வழியாகச் சென்று சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில்லை. இந்தியாவில் 2015-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

குறைகளும் உண்டு. குடித்து முடித்த பின் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். பாகு வராது; அதிரசம் சுட நினைத்தால் ஏமாற்றமே! இன்னொரு சங்கதி முக்கியமானது. கடுகளவு போதும் என்பதால் பொட்டலத்தில் அளவைக் கூட்ட வேறு ஏதாவது பொடி கலக்கிறார்கள். சிலவற்றில் அது டெக்ஸ்ட்ரோஸ். டெக்ஸ்ட்ரோஸ் என்பது யார் தெரியுமா? நம் பழைய நண்பர் குளுக்கோஸ்தான்! முன்பக்கத்தில் பச்சை இலைப் படம், பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் குளுக்கோஸ். வீட்டில் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கக் கூடிய கண் உங்களுடையதே. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவுக்காரர் மருத்துவரைக் கேட்டுச் சீனித்துளசிக்கு மாறுவதில் தவறில்லை. உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். உடல் எடையைக் குறைக்க இத்தகைய மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் கூறியது. அதில் சீனித்துளசியும் அடங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. நாக்கு மேலும் மேலும் இனிப்புக் கேட்கப் பழகியிருக்கும்போது பொடியை மட்டும் மாற்றி என்ன பயன்? வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள்.

நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள், சர்க்கரை இருப்பது நல்லது என்கிறது 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் மூன்று தம்ளரிலேயே தீர்ந்துவிடும். எனவே கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. ‘கருப்பட்டிக் காபி’ என்று பெரிதாக எழுதிய பலகையின் கீழே, ஒரு தம்ளரில் எத்தனை கிராம் கருப்பட்டி போடுகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.