அச்சகத்தில் படிக்கும் யுனிக்ஸ்

லினக்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஊரில் உள்ள பழைய அச்சகத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு எனப்படும் நினைவு நூல் என்று எத்தனையோ கோப்புகள் அங்கே பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லை, பயிற்சிப் புத்தகம் எதையும்விட அந்தக் கோப்புகள் நன்றாகச் சொல்லித்தரும்.

லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் வளர்ந்ததே இப்படியான வேலையில்தான். 1969இல் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுகூடத்தில் அதைத் தொடங்கினார்கள். 1971இல் அதை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்கள். தேடித்தரும் கிரெப், மாற்றித்தரும் செட், வரிசைப்படுத்தும் சோர்ட் எல்லாம் எழுத்தோடு மாரடிக்கப் பிறந்த கருவிகள். 1841இலேயே 'உதயதாரகை' பத்திரிகையை அச்சிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த வேலை அந்நியமானதல்ல.

பாமினியில் நாம் காண்பது தமிழ். கோப்பினுள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். சிக்கலும் படிப்பும் இங்கேதான் தொடங்குகின்றன. மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பாமினி எடுத்துக்கொண்டது அரைப்புள்ளிக் குறியை. ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். கிரெப்புக்குப் பின்னால் 'அம்மா' என்பதைப் பாமினிக் குறிகளில் அடித்துப் பாருங்கள். 'அம்' வரைக்கும் ஒரு கட்டளை. மிச்சமுள்ள 'மா'வை இன்னொரு கட்டளையாக ஷெல் தேடும். 'ஈ'க்கு உரியது கணிதத்தில் 'சிறியது' என்று போடும் குறி. அதைக் கண்டால் ஷெல் கோப்பு ஒன்றைத் திறக்கப் பார்க்கும். 'ஈழநாடு' என்று தேடினால், அப்படியொரு கோப்பு இல்லை என்றே பதில் வரும். ஒற்றை மேற்கோளுக்குள் சொல்லை வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். மேற்கோள் எதற்கு என்று வகுப்பில் ஒரு மணிநேரம் விளக்கினாலும் இந்த இரண்டு சொல் பதிவதுபோல் பதியாது.

அடுத்தது செட். பாமினி 'கொ'வை மூன்று துண்டாக வைத்திருக்கிறது: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு (ா). யுனிக்கோட்டில் க முன்னுக்கு வரும், உயிர்க்குறி அதன் பின்னால். மாற்று விதிகளில் 'கெ'க்கு உரிய வரியை மேலே போட்டுவிட்டால், கொம்பும் க-வும் சேர்ந்து 'கெ' ஆகி, அரவு தனியாக ஒட்டிக்கொள்ளும். திரையில் அது 'கொ' போலவே தெரியும். ஆனால் 'கொக்குவில்' என்று தேடினால் கிரெப்புக்கு அகப்படாது, உள்ளே இருக்கும் குறிகள் வேறு. ஆகவே நீளமான விதி மேலே, குறுகியது கீழே. கோப்பில் இடையிடையே ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழ்ப் பிதற்றலாக மாறும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. மினக்கெட்டுக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

யுனிக்கோட்டுக்கு வந்த பிறகும் தமிழ் தன் குணத்தைக் காட்டும். 'யாழ்ப்பாணம்' நமக்கு ஆறு எழுத்து. எண்ணிச் சொல்லும் டபிள்யூ-சி கட்டளையிடம் கொடுத்தால் 11 குறிகள், 33 பைட்டுகள் என்று சொல்லும். யுனிக்கோட்டைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. (1992இல் ரொப் பைக்குடன் சேர்ந்து அந்த முறையை வகுத்தவரும் அதே கென் தொம்சன்தான்.) கடைசிக் குறியை நீக்கு என்று செட்டிடம் சொன்னால், போவது புள்ளி மட்டுமே. 'யாழ்ப்பாணம' மிஞ்சும்.

இத்தனையும் ஒருமுறை சரிவந்த பிறகே, பாஷ் என்னும் ஷெல்லின் அமைப்புகள் இருக்கும் பாஷ்-ஆர்சி கோப்பைத் திறக்க வேண்டும். பலர் முதல் நாளே அதைத் திறந்து வரவேற்பு வரிக்கு நிறம் பூசுகிறார்கள். நிறத்தில் தப்பில்லை, ஆனால் கை எதைத் திரும்பத் திரும்ப அடிக்கிறதோ அதுதான் அந்தக் கோப்புக்குள் போகவேண்டியது. மாற்று விதிகளை ஒரு கோப்பில் வைத்து, அதை இயக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள். மாற்றிய கோப்புகள் எல்லாவற்றிலும் ஒரு பெயரைத் தேட இன்னொன்று. அதற்குத் 'தேடு' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பாஷ் ஏற்றுக்கொள்ளும். மாறிகளின் பெயருக்கு மட்டும் அது தமிழை ஏற்காது.

இத்தனை மினக்கேடும் எதற்கு? ஒரு கல்வெட்டில் இறந்தவரின் பிறந்த ஊர், கொண்டு கொடுத்த வழி, பேரப்பிள்ளைகள் போய்ச் சேர்ந்த நாடுகள் எல்லாம் இருக்கும். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் ஏற்றிவருகிறார்கள், பெரிய தொண்டு. ஆனால் வருடிய பக்கம் படம். அச்சகக் கணினியில் இருப்பது எழுத்து. கணினி பழுதாகி இரும்புக்குப் போனால் அந்த எழுத்தும் அதோடு போய்விடும்.

அசல் கோப்பில் கைவைக்காதீர்கள். செட்டை நேரே கோப்பின் மேல் ஓடவிடாமல், மாற்றியதைப் புதுக் கோப்பில் எழுதுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியை அச்சகத்துக்கும் ஒன்றை அந்தக் கல்வெட்டுக்குரிய குடும்பத்துக்கும் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று.