நீல ஜேயும் அதன் கெட்ட பெயரும்

அமெரிக்காவில் ஒரு பறவைக்கு ரவுடிப் பட்டம் கட்டி நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. பெயர் ப்ளூ ஜே. தமிழில் நீல ஜே என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கிறவர்கள் பலருக்கு இதைக் கண்டாலே ஆகாது. ஒரே கத்தல், மற்ற குருவிகளை விரட்டுகிறது, முட்டை திருடுகிறது... இப்படிப் புகார் லிஸ்ட் நீளும். இந்தப் பட்டம் கொஞ்சம் அநியாயம். கொஞ்சம் இல்லை, நிறையவே.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். கனடாவின் தெற்குப் பகுதியில் ஆரம்பித்து ப்ளோரிடா, டெக்சாஸ் வரைக்கும் இருக்கும் பறவை இது. மைனாவை விடப் பெரிசு, காக்காவை விடச் சின்னது. 25 முதல் 30 செ.மீ. நீளம், 70 முதல் 100 கிராம் எடை. முதுகு நீலம், வயிறு சாம்பல் கலந்த வெள்ளை, கழுத்தில் கறுப்பு நெக்லஸ் போட்ட மாதிரி ஒரு கோடு. இறக்கையிலும் வாலிலும் கறுப்புப் பட்டைகள். ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தலையில் ஒரு கொண்டை. குடும்பத்தோடு நிம்மதியாக இருந்தால் கொண்டை படிந்திருக்கும், கோபம் வந்தால் நட்டுக்கொள்ளும். வைவா எடுக்கிற எக்ஸாமினர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு வசதி! :-)

அந்த நீலத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. உள்ளே இருப்பது மெலனின், பழுப்பு நிறம். இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது. இறகை நசுக்கிப் பாருங்கள், நீலம் காணாமல் போய்விடும்.

இது காக்கா குடும்பம். அதனால் மூளைக்குப் பஞ்சம் இல்லை. 1973-ல் வெளியான ஒரு ஆய்வில், கூண்டில் வளர்ந்த ஜே ஒன்று அடியில் விரித்திருந்த நியூஸ் பேப்பரை நீளமாகக் கிழித்து, கம்பிக்கு வெளியே கிடந்த தீனியை அதை வைத்தே இழுத்துத் தின்றது. யாரும் சொல்லித் தரவில்லை. பருந்து மாதிரி அச்சு அசலாகக் கத்தவும் தெரியும். அது தன் கூட்டத்துக்குக் கொடுக்கிற எச்சரிக்கையா, மற்ற பறவைகளைக் கிளப்பிவிட்டுத் தீனியை அடிக்கிற தந்திரமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே விவாதம். லிங்கன் ப்ரோவர் என்பவர் 1960-களில் இதற்கு மோனார்க் வண்ணத்துப்பூச்சியைத் தின்னக் கொடுத்தார். அந்தப் பூச்சியின் புழு நம்ம எருக்கஞ்செடிக்கு உறவான ஒரு செடியைத் தின்று விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். தின்ற ஜே வாந்தி எடுத்தது. அதன் பிறகு மோனார்க்கை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே அனுபவம், ஆயுசுக்குப் பாடம். அரியர் வைத்து அரியர் வைத்துப் படிக்கிற ஜாதி இல்லை அது.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். முட்டை திருட்டு.

இந்தப் பெயரைப் பரப்பியதில் பெரிய மனிதர்களுக்கும் பங்கு உண்டு. ஆடுபான் தன் புகழ்பெற்ற 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பில் மூன்று நீல ஜேக்கள் முட்டையைக் குடித்துக்கொண்டிருப்பதாகவே வரைந்துவிட்டார். அழகான படம், அதுதான் பிரச்சினையே. 1960-ல் வந்த ஹார்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் பலருக்குத் தெரிந்திருக்கும். பாடுகிற மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்று சொல்கிற அப்பா, ஜேயைச் சுட மட்டும் தாராளமாக அனுமதி தருகிறார். நியாயத்துக்காகக் கோர்ட்டில் நிற்கிற வக்கீல் அவர். இந்தப் பறவைக்கு மட்டும் விசாரணையே வேண்டாமாம்!

விசாரித்தவர்களும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஜேக்களின் வயிற்றை அறுத்துப் பார்த்ததில், முட்டையோ குஞ்சோ தின்ற தடயம் கிடைத்தது சுமார் 1 சதவீதத்தில்தான். மீதிக்கெல்லாம் கொட்டை, விதை, பழம், பூச்சி. திருடவே திருடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முட்டை குடித்துத்தான் வாழ்கிறது என்பது கட்டுக்கதை.

இது டெபிட் பக்கம். கிரெடிட் பக்கத்தை யாரும் எழுதுவதே இல்லை. அப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

வர்ஜீனியா மாநிலம் பிளாக்ஸ்பர்க்கில் ஒரு ஓக் தோப்பில் எண்ணிப் பார்த்த கணக்கு 1981-ல் வெளிவந்தது. ஒரு பருவத்தில் ஜேக்கள் தூக்கிப்போய்ப் புதைத்தவை 1,33,000 ஓக் கொட்டைகள். மொத்த விளைச்சலில் 54 சதவீதம். அங்கேயே உட்கார்ந்து தின்றது 49,000 தான். மரத்தடியில் மிஞ்சியதில் பெரும்பகுதி வண்டு துளைத்தது. தூக்கிப்போன தூரம் சராசரியாக 1.1 கி.மீ. ஒவ்வொரு கொட்டையையும் தனித்தனியாக வைத்து மேலே சருகு போட்டு மூடிவிடும். திரும்பி வந்து எடுக்காதது மரமாகும். பனியுகம் முடிந்ததும் ஓக் காடுகள் வடக்கே அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தப் பறவைதான் முக்கியக் காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இது பழங்கதை இல்லை. இன்றைக்குக் காடுகள் வயலாலும் ரோடாலும் துண்டு துண்டாகிவிட்டன. அணில் மரத்தைச் சுற்றியே புதைக்கும். ஒரு துண்டுக் காட்டிலிருந்து இன்னொன்றுக்கு வயலைத் தாண்டி ஓக் போக வேண்டுமானால் இறக்கை உள்ள ஆள் வேண்டும். பூமி சூடாகிற காலத்தில் அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்கிறவனைத்தான் ரவுடி என்கிறோம்.

சட்டமும் தாமதமாகத்தான் கண் திறந்தது. பறவைகளைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் 1918-லேயே வந்துவிட்டது. காக்கா குடும்பம் அதில் சேர்ந்தது 1972-ல்.

இடையில் ஒரு விஷயம். வெள்ளைக்காரர்கள் நம்ம பனங்காடையையும் 'ப்ளூ ஜே' என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் சொந்தமே கிடையாது, நிறம் மட்டும்தான் ஒற்றுமை. பனங்காடைக்குப் பிரச்சினை நல்ல பெயரால் வந்தது! தசராவன்று அதைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று வடக்கே நம்பிக்கை. அதற்காகவே பிடித்துக் கட்டி, தெருத்தெருவாகக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். சட்டப்படி குற்றம், இருந்தும் நடக்கிறது. அதற்கு ஒரு தனிக் கட்டுரையே வேண்டும்.

ஜேயைப் பிடிக்காத தோட்டக்காரர்களுக்கு வழி சுலபம். சின்னக் குருவிகளுக்குச் சின்னத் தீனிக்குழாய், ஜே உட்கார முடியாத அளவில். ஜேக்குத் தள்ளி ஒரு தட்டு, அதில் தோலோடு வேர்க்கடலை. வந்து அள்ளிக்கொண்டு போய்விடும், சண்டையும் குறையும். ஒரே கஷ்டம், அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில் கடலைச் செடி முளைத்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் :-)