தனுஷ்கோடி தீம் பார்க்குக்கு டிக்கெட் எவ்வளவு?

முதலில் ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். தாத்தா, பாட்டி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், மருமகள்கள், மாப்பிள்ளைகள், கூடவே ஒன்பது வாண்டுகள். மொத்தம் இருபத்தோரு பேர், ஒரே வேன். பெயரெல்லாம் வேண்டாம். மே மாத லீவில் இராமேஸ்வரம் போன எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் குடும்பமாகக்கூட இருக்கலாம்.

ராத்திரி வேன் ஏறி, விடிகாலையில் அக்னி தீர்த்தம். அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். ஈரத்துணியோடு ஓடி ஓடி வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கி முடிப்பதற்குள் பெரிய அத்தைக்கு மூச்சு வாங்கிவிடும், சின்னவன் தும்ம ஆரம்பித்துவிடுவான். உடை மாற்றி, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு நிமிர்ந்தால் மணி பதினொன்று.

"அடுத்து எங்கப்பா?"

"தனுஷ்கோடி!"

"அங்க என்ன ரைடு இருக்கு?"

சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. தனுஷ்கோடியை அப்படித்தானே விற்றுக் கொண்டிருக்கிறோம்?

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து வேனிலும் ஜீப்பிலும் ஆட்களை அடைத்துக் கொண்டு மணலிலும் தண்ணீரிலும் குலுக்கிக் குலுக்கி அழைத்துப் போவார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் ரோலர் கோஸ்டர்! 2017 ஜூலை 27 அன்று அரிச்சல்முனை வரைக்குமான 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதன் பிறகு சொந்த வண்டியே நேராக முனைக்குப் போய் நிற்கிறது. இறங்கினால் மாங்காய், ஐஸ், பொரித்த மீன், சங்கு, பாசிமணி. இடிந்த சர்ச் முன்னால் ஒரு குரூப் போட்டோ. "பேய் ஊர்" என்று ஒரு திகில் கதை. ஆக, தீம் ரெடி. பார்க்கும் ரெடி.

அந்தத் தீம் என்னவென்று கொஞ்சம் பார்ப்போமா?

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து கொண்டிருந்த ரயிலை, ஊரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கடல் அள்ளிக் கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறை என்று ஜேஜே என்றிருந்த ஊர் விடிவதற்குள் மணல் மேடாகிப் போனது. அதே புயலில் உருக்குலைந்த பாம்பன் ரயில் பாலத்தை, ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்துவிட்டார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊர்? மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டு அரசாங்கம் கையைக் கழுவிக் கொண்டது.

ஆனால் ஊர் அப்படியே விட்டுப் போய்விடவில்லை. மீனவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பல வருடங்கள் கரண்ட் இல்லாமல், மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் குடிதண்ணீர் மொண்டு கொண்டு இருந்தார்கள். ஆளிருக்கிற ஊரை "பேய் ஊர்" என்று விளம்பரப்படுத்துகிறோமே, அந்தக் குடிசையில் இருக்கிறவர்கள் காதில் விழாதா?

இந்த இடத்தில் நம் அறிவுஜீவிகள் எழுந்து வருவார்கள். "எல்லாம் இந்தக் கூட்டத்தால் வருகிற வினை! குப்பை போடுகிறார்கள், கத்துகிறார்கள், செத்தவர்கள் ஊரில் கூத்தடிக்கிறார்கள்" என்பார்கள்.

இது வடிகட்டின அநியாயம். வருடத்தில் ஒரே ஒரு நாள் மொத்தக் குடும்பமும் சேர்ந்து வெளியே வருகிறது. பிள்ளைகள் கத்தத்தான் செய்யும். இங்கே நடந்தது என்ன என்று யாராவது அவர்களுக்குச் சொன்னோமா? சொல்லாமல் விட்டுவிட்டு, மரியாதை தெரியவில்லை என்று திட்டுவது என்ன நியாயம்?

தீம் பார்க் என்றால் கேவலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நல்ல தீம் பார்க்கிடம் கற்றுக் கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே அலைக்குளத்தில் அலை விடுவதற்கு முன்னால் சைரன் அடிக்கிறது. விசிலோடு ஆள் நிற்கிறார். குழந்தையின் உயரத்தை அளந்து பார்த்துத்தான் ராட்டினத்தில் ஏற்றுகிறார்கள். உடை மாற்ற அறை, கழிப்பறை, முதலுதவி எல்லாம் உண்டு. எதாவது ஆனால் கேள்வி கேட்க ஆளும் உண்டு. 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ராட்டினம் ஒன்று அந்தரத்தில் நின்றுவிட்டது. சிக்கிய முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புப் படை வந்து இறக்கியது. பூங்காவைத் தற்காலிகமாக மூடினார்கள். பாதுகாப்பு எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். சரிதான், கேட்கத்தான் வேண்டும்.

அரிச்சல்முனையில் அலை இழுத்துக் கொண்டு போனால் யாரைக் கேட்பது? எதை மூடுவது?

அந்தக் கரைக்காரர்களைக் கேளுங்கள், பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். அக்னி தீர்த்தத்தில் காலையில் குளித்தது பெண் கடல், குளம் மாதிரிக் கிடக்கும். அந்தத் தைரியத்தில்தான் மதியம் முனையில் கால் வைக்கிறார்கள். அங்கேயோ இரண்டு கடலும் மோதுகிற இடம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்றே தெரியாது. குளிக்கத் தடை உண்டு. காவலரும் விசில் அடிக்கிறார். ஆனால் லீவு நாளில் வந்து குவிகிற கூட்டத்துக்கு ஒரு பலகையும் நாலு விசிலும் போதுமா? காலையில் குளிக்கச் சொன்ன அதே கடல், மதியம் ஏன் கூடாது என்று அந்தப் பலகை சொல்கிறதா?

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. இந்த மாதிரிப் பயணங்களில் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தாகம் இல்லாமல் இல்லை, இறங்கினால் எங்கே போவது என்ற பயம். வெயிலில் மணல் கொதிக்கும்போது பாட்டி தலை சுற்றி உட்கார்ந்தால் "வயசாயிடுச்சு" என்போம். காரணம் வயசு மட்டும்தானா?

"அப்படியென்றால் மக்கள் வரவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக வரட்டும். சங்கு விற்கிறவருக்கும் மீன் பொரிக்கிற அக்காவுக்கும் அந்தக் கூட்டம்தான் சோறு. ஆனால் கூட்டத்தை அழைத்தவர்களுக்குப் பொறுப்பு உண்டு. ரோடு போட்டதோடு வேலை முடிந்துவிடாது. இவ்வளவு வண்டிதான் ஒரு நேரத்தில் என்று கணக்கு வையுங்கள். கூட்டத்துக்கு ஏற்ற கழிப்பறையும் நிழலும் குடிதண்ணீரும் வையுங்கள். கடலை அறிந்த மீனவ இளைஞர்களையே உயிர்காப்பாளர்களாகச் சம்பளத்துக்கு எடுங்கள். 1964இல் நடந்ததை வருகிறவர்களுக்குச் சொல்லும் வேலையை, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடமே கொடுங்கள்.

அந்த ரயிலில் வந்தவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான். கடல் கொண்டது ஒரு முறை. அடுத்து போகிற ஒவ்வொரு உயிரையும் கடல் கணக்கில் எழுத முடியாது, நம் கணக்கில்தான் எழுத வேண்டும்.