ராத்திரி இருந்த வைஃபை காலையில் எங்கே?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேலவீதியிலோ ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். 'நேத்து ராத்திரி வரைக்கும் வைஃபை நல்லா வந்துச்சுண்ணே. காலைல ஆன் பண்ணா காணோம்' என்று ஒரு கல்லூரி மாணவர் வந்து நிற்பார். கையில் அரசு கொடுத்த லேப்டாப். அக்கா ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சுவரில் மாட்டினால்தான் உயிர். கடைக்காரர் மூடியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவார். 'லினக்ஸைத் தூக்கிட்டு புது விண்டோஸ் போட்டுத் தரேன். ஐநூறு ரூபா.' அந்த விண்டோஸுக்கு ரசீது உண்டா என்று தயவுசெய்து நீங்கள் கேட்டுவிடாதீர்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. குற்றவாளி லினக்ஸும் இல்லை, அந்த மாணவரும் இல்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலக் கையிருப்புதான் மறுநாள் காலையில் ஆரம்ப இருப்பு. பேரேட்டில் ஏற்றாமல் விட்டால், கல்லாவில் பணம் இருந்தாலும் கணக்கில் இல்லை. டிரைவர் சமாசாரமும் இதேதான். 'மாட்புரோப்' என்று கட்டளை அடித்துக் கையால் டிரைவரை ஏற்றினால் அது அன்றைய கூத்துக்கு மட்டும். மெஷினை அணைத்தால் போச்சு. தினமும் தானாக ஏற வேண்டுமானால், 'இடிசி' என்ற ஃபோல்டரில் இருக்கும் 'மாட்யூல்ஸ்' ஃபைலில் அதன் பெயரை எழுதி வைக்க வேண்டும். ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர் போட்டியிட்டால், வேண்டாததைத் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, முந்தி வந்தவன் சீட்டில் துண்டு போட்டுவிடுவான். கெர்னல் அப்டேட் ஆனால் இன்னொரு கூத்து. வெளியிலிருந்து சேர்த்த டிரைவர் புதிய கெர்னலுக்குப் பொருந்தாது. மறுபடி கம்பைல் பண்ண வேண்டும்.

விண்டோஸின் திருவிளையாடலும் இதில் உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று. ஷட்டவுன் கொடுத்தாலும் மெஷின் முழுசாக ஷட்டவுன் ஆகாது, பாதித் தூக்கம்தான். அப்படி விட்டுவிட்டுப் போன வைஃபை சிப்பை, அடுத்து வரும் லினக்ஸால் சில மெஷின்களில் எழுப்ப முடிவதில்லை. விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து வந்தால் வேலை செய்யும், ஷட்டவுன் செய்துவிட்டு வந்தால் செய்யாது. இதற்கு மந்திரித்துத் தாயத்து கட்டாத குறைதான்.

இத்தனையையும் ஒரு பி.ஏ. வரலாறு மாணவி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இதுதான் என் கேள்வி.

சிப் செய்கிற கம்பெனிகளைக் கேளுங்கள். பிராட்காம் பல வருஷம் தன் வைஃபை சிப்புகளுக்குத் திறந்த டிரைவரும் தரவில்லை, விவரக் குறிப்பும் தரவில்லை. சம்பளம் வாங்காத புரோகிராமர்கள் அந்த சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று துருவித் துருவிப் பார்த்து, தாங்களே ஒரு டிரைவர் எழுதினார்கள். 2006-ல் அது கெர்னலில் சேர்ந்தது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரைக் கூட விண்டோஸ் டிரைவரிலிருந்து வெட்டி எடுக்க வேண்டிய நிலை. 2010 செப்டம்பரில்தான், புது சிப்புகள் சிலவற்றுக்கு மட்டும், கம்பெனி திறந்த டிரைவர் வெளியிட்டது. ரேடியோ அலை சட்டம், தொழில் ரகசியம் என்று காரணங்கள் சொல்லப்படும். அதே சட்டத்துக்கு உட்பட்ட ஏத்தராஸ் 2008-லேயே தந்ததே! இன்டெல் அதற்கும் முன்பே தந்ததே! முடியாது என்பதில்லை. மனசில்லை.

சரி, அது அமெரிக்கக் கம்பெனி. நம் அரசு?

2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். உள்ளே விண்டோஸ் ஒருபக்கம், சி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ் ஒருபக்கம். ('என்ன பாஸ், நெட் வரலையா?' என்ற ஜோக்கை எல்லாக் கல்லூரியிலும் சொல்லி முடித்துவிட்டார்கள்.) மூடியில் முதல்வர் படம் ஒட்டுவதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை உள்ளே இருக்கும் வைஃபை சிப் மீது காட்டியிருந்தால், அந்த மாணவர் ரிப்பேர் கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை. இத்தனை லட்சம் மெஷின் வாங்குகிறவன் சாதாரண வாடிக்கையாளன் இல்லை, ராஜ வாடிக்கையாளன். தஞ்சாவூர் அரிசி மண்டியில் நூறு மூட்டை எடுப்பவர் கூட ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

'எல்லாரும் விண்டோஸ்தானே வெச்சிருக்காங்க, இது ஒரு பிரச்னையா?' என்று சிலர் கேட்கக்கூடும். பத்து வருஷப் பழைய லேப்டாப்பில் இன்றைய விண்டோஸ் 11 ஏறாது, அதன் தகுதிப் பட்டியலில் அந்த பிராசசர் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்த மெஷின்களை இன்னும் நாலைந்து வருஷம் ஓட்ட லினக்ஸ்தான் கதி. வைஃபை தினமும் காலையில் காணாமல் போனால், அந்தக் கதியும் இல்லை. குப்பைதான்.

2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ என்று அறிவித்தார்கள். இதற்கு மேல் எப்போது, எந்த ஆட்சி லேப்டாப் டெண்டர் போட்டாலும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். வைஃபை சிப்பின் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்க வேண்டும். சாம்பிள் மெஷினை அதிகாரிகள் முன்னால் ஐம்பது முறை அணைத்துப் போட்டுக் காட்ட வேண்டும், ஐம்பது முறையும் வைஃபை வர வேண்டும். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, ஒரு பிற்பகல் போதும்.

அதுவரை உங்கள் வீட்டுப் பிள்ளையின் மெஷினில் வைஃபை மாயமானால், முதலில் விண்டோஸில் அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். சரியாகாமல் கடைக்குப் போக நேர்ந்தால், 'லினக்ஸைத் தூக்கிடலாம்' என்று அவர் சொன்னதும், 'எந்தக் கம்பெனி சிப்புண்ணே இது?' என்று கேளுங்கள். 'எல்எஸ்பிசிஐ' என்று அடித்தால் திரையில் வரும். யூஎஸ்பி அடாப்டர் என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி'. பெயரைப் பார்த்துவிட்டு ஐநூறு ரூபாயை எடுங்கள்.