அரிசி நடக்குது, தாத்தா!

"சங்க இதழில் எழுத உங்களுக்கு வேறு விஷயமே கிடைக்கலையா?" என்று என் மனைவி கேட்டாள். திருக்குறள் பற்றி எழுதலாம், ஊர்த் திருவிழா பற்றி எழுதலாம். போயும் போயும் பூனையின் வயிற்றுப் புழுவைப் பற்றியா என்பது அவள் ஆதங்கம். ஆனால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பூனை வளர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கரக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்குப் பூனை வளர்ப்பது என்பதே கிடையாது. பூனைதான் நம்மைத் தேடி வந்து வளர்ந்துகொள்ளும். ஆகவே இந்த விஷயமும் நம் வீட்டு விஷயம்தான்.

2023ஆம் ஆண்டு பூஜை விடுமுறைக்குப் புனேயிலிருந்து மகனும் மருமகளும் நாலு வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். எங்கள் பூனை மினு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் திடீரென்று, "தாத்தா, அரிசி நடக்குது!" என்று கத்தினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மினுவின் வாலடியில் வெள்ளரி விதை போல ஒன்று சுருங்கி நீண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. சோபா விரிப்பில் காய்ந்து போனவை நாலைந்து, நொய் போலக் கிடந்தன.

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. மருமகள் படித்த பெண், மரியாதை தெரிந்தவள். "மாமா, தப்பா நினைக்காதீங்க. இது நாடாப்புழு. மூளைக்கெல்லாம் போகும்னு சொல்றாங்க. குழந்தை இருக்கிற வீட்ல இந்தப் பூனை வேண்டாம்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. "நாளைக்கே மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். இரவு சாப்பாட்டின்போது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏங்க, முப்பத்தேழு வருஷம் ஒர்க்ஷாப்பில் இருந்தீங்களே, ரிப்பேர்னு வந்த வண்டியை எல்லாம் ஊருக்கு வெளியே தள்ளிவிட்டுட்டா வந்தீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. மினுவுக்கு ஒரு வாரம் கெடு வாங்கிக்கொண்டேன்.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு பூண்டு. புழுவுக்குப் பூண்டு நல்லது என்று சிறு வயதில் நமக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். யோசிக்காமல் இரண்டு பல்லை நசுக்கிப் பாலில் கலந்து மினுவுக்கு வைத்தேன். அன்று முழுதும் வாந்தி. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அவை அதற்கு விஷம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மனிதனுக்கு மருந்தானது பூனைக்கும் மருந்தாகும் என்று எண்ணுவது மீட்டர் கேஜ் சக்கரத்தைப் பிராட் கேஜ் தண்டவாளத்தில் வைப்பது போல. சாதாரண ஜுரத்துக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

இரண்டாவது தவறு, கடையில் கேட்டு வாங்கிய பூச்சி மருந்து சிரப். அதில் இருந்தது பைபரசின். அது நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப் புழுவுக்கான மருந்து. நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. பூச்சி மருந்து என்ற ஒரே பெயரில் பல மருந்துகள் இருக்கின்றன. எந்தப் புழு என்று தெரியாமல் மருந்து வாங்குவதில் பயனில்லை.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனேன். விரிப்பில் கிடந்ததைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். பார்த்த மாத்திரத்தில் அவர் சொல்லிவிட்டார். பூனையின் குடலில் இருக்கும் புழு அரை மீட்டர் நீளம்கூட வளரும். தலை குடல் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பின்னால் கண்ணி கண்ணியாக உடல் நீளும். எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், எஞ்சின் உள்ளேயே நிற்கிறது. கடைசிப் பெட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே வருகின்றன. பேரன் பார்த்த அரிசி அந்தக் கடைசிப் பெட்டி. அதற்குள் முட்டைகள் நிறைந்திருக்கும்.

பூனையை நிறுத்துப் பார்த்து, எடைக்கு ஏற்பப் பிராசிகுவாண்டெல் என்ற மருந்து உள்ள மாத்திரை கொடுத்தார். நல்ல கசப்பு. கடித்துவிட்டால் பூனை வாயில் நுரை தள்ளும், பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொன்னார். செத்த புழு முழுதாக வெளியே வரும் என்று நான் இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. அது குடலிலேயே செரித்துப் போய்விடுமாம். அரிசி நின்றுவிட்டது. மகன் குடும்பம் நிம்மதியாகப் புனே திரும்பியது.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அரிசி!

ரிப்பீட் ஃபெயிலியர்

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாத்திரை போலி என்று டாக்டரிடமே போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெல்லிய சீப்பால் மினுவின் முதுகை வாரி, உதிர்ந்த கரும்பொடியை ஈரப் பஞ்சில் வைத்துக் காட்டினார். பொடியைச் சுற்றிச் சிவப்பாகப் படர்ந்தது. "இது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு. பூனையின் ரத்தம்தான் இது. மாத்திரை வேலை செய்தது. நீங்கள் தெள்ளுப்பூச்சியை விட்டுவிட்டீர்கள்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் கூட்ஸ் வாகன்களில் ஹாட் பாக்ஸ் என்பது பெரிய தலைவலி. அச்சு சூடேறிப் புகைந்து வண்டி வரும். பேரிங்கை மாற்றி அனுப்புவோம். சில வாகன்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். எங்கள் ஃபோர்மேன் சொல்வார்: "பேரிங்கைக் குறை சொல்லாதே, தூசு எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்." எண்ணெய்ப் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் இருக்கும். அதைச் சரி செய்யாமல் எத்தனை பேரிங் மாற்றினாலும் பணம்தான் வீண். வேலையில் இருந்தவரை இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், சொந்த வீட்டில் மறந்துவிட்டேன்.

பூனையின் புழு வரும் வழி இதுதான். கழன்று விழுந்த கண்ணியிலிருந்து முட்டைகள் பாயிலும் விரிப்பிலும் சிந்துகின்றன. அந்த முட்டையைப் பூனை நேராகத் தின்றாலும் புழு வராது. தெள்ளுப்பூச்சியின் குஞ்சுப்புழு, தரை இடுக்கில் குப்பையோடு குப்பையாக அந்த முட்டையைத் தின்னவேண்டும். அது வளர்ந்து பூச்சியாகிப் பூனை மேல் ஏறுகிறது. பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது பூச்சியை விழுங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அரிசி. இன்னொரு வகை நாடாப்புழு எலியின் ஈரலில் தங்கியிருந்து, எலியைத் தின்னும் பூனைக்கு வருகிறது. மாத்திரை அன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை விழுங்கப்போகும் பூச்சிக்கு அது காவல் இல்லை.

தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் பூனை மேல் இல்லை. நம் வீட்டில்தான் இருக்கிறது. முட்டையாகவும் குஞ்சாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயின் அடியில், சோபா மடிப்பில், கதவு மூலையில் இருக்கிறது. கூட்டுக்குள் மாதக் கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் பட்டவுடன் வெளியே குதிக்கும்.

பூனையை விட்டவர்கள் கதை

இதற்கு ஓர் உதாரணம் எங்கள் தெருவிலேயே நடந்தது. நம்மவர்கள்தான்; பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டுப் பூனைக்கும் இதே அரிசி. மகள் பிரசவத்துக்கு வரவிருந்த நேரம். பயந்துபோய், பூனையைக் கோணியில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டார்கள். பிறகு ஊரில் ஒரு கல்யாணம் என்று கோரமண்டலில் ஏறிப் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வீட்டைத் திறந்தார்கள். அன்று இரவே எல்லோருக்கும் காலில் கடி. கூட்டுக்குள் காத்திருந்த பூச்சிகள் வெளியே வந்தன, கடிக்கப் பூனை இல்லை, மனிதர்களைக் கடித்தன. பூனை போயிற்று, வியாதியின் வேர் வீட்டிலேயே இருந்தது. இது மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் நம் எல்லோருக்கும் பாடம்.

அந்தப் பூனை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. மனைவி அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் நானும் அதையே செய்திருப்பேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாம் குடியேறி வாழும் இந்த வங்காளத்தில், பூனை குழந்தைகளைக் காக்கும் ஷஷ்டி தேவியின் வாகனம். குழந்தைக்குப் பயந்து பூனையைத் துரத்துகிறோம் என்று சொன்னால் பக்கத்து வீட்டு வங்காளிப் பாட்டி சிரிப்பாள்.

குழந்தைக்கு ஆபத்தா?

மருமகளின் பயம் அர்த்தமற்றது அல்ல. ஆனால் புழு வேறு. மூளைக்குப் போவது பன்றி நாடாப்புழு. அந்தப் புழு குடலில் உள்ள மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக முட்டை நம் வயிற்றுக்குப் போவதால் வருவது. பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூனையின் தெள்ளுப்பூச்சிப் புழு குழந்தைக்கு வரவேண்டுமானால், குழந்தை அந்தப் பூச்சியையே விழுங்கியிருக்க வேண்டும். அபூர்வமாக அப்படி நடப்பதுண்டு. டாக்டரிடம் காட்டினால் அதற்கும் மருந்து இருக்கிறது. ஆகவே பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குப் பூனையால் வரக்கூடியது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. அது நாடாப்புழு அல்ல. பூனை மலத்தில் வெளிவந்த பின், தொற்றும் நிலையை அடைய அதற்கு ஒரு நாளாவது ஆகும். ஆகவே மலத்தை அன்றாடம் அப்புறப்படுத்த வேண்டும். கர்ப்பிணி அல்லாத வேறொருவர் அதைச் செய்ய வேண்டும். அவ்வளவு செய்தால் பூனையும் இருக்கலாம், மகளும் பிரசவத்துக்கு வரலாம்.

நாங்கள் செய்தது

மினுவுக்கு மறுபடி மாத்திரை கொடுத்த அன்றே தெள்ளுப்பூச்சிக்கான சொட்டு மருந்தையும் கழுத்தில் விட்டோம். இது பூனைக்கென்றே உள்ள மருந்தாக இருக்க வேண்டும். நாய்க்கு விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனையைக் கொல்லும். குட்டிகளுக்கு எந்த வயதிலிருந்து என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்தாமல், அவர் சொன்னபடி மூன்று மாதம் தொடர்ந்தோம். சோபா விரிப்பு, பூனையின் சாக்கு எல்லாவற்றையும் வாரந்தோறும் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டோம். மூலை முடுக்கெல்லாம் பெருக்கிக் குப்பையை உடனே வெளியேற்றினோம். தரை துடைக்க ஃபினாயிலை நிறுத்தினோம். அதுவும் பூனைக்கு ஆகாது. எலி வரும் சாக்கடை ஓட்டைக்கு வலை அடித்தேன். ஒரு முறைக்கான புழு மாத்திரைக்கு அரைக் கிலோ ரோகு மீன் விலைகூட ஆகவில்லை.

என் தாழ்மையான அபிப்பிராயம் இதுதான். அரிசியைப் பார்த்தவுடன் பூனையைக் குற்றவாளியாக்காதீர்கள். அது வந்த வழியைப் பாருங்கள். அந்த வழி பெரும்பாலும் நம் பாய்க்கு அடியில்தான் இருக்கிறது. புழுவுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, வீட்டுக்குச் சுத்தம் ஆகிய மூன்றையும் சேர்ந்தாற்போல் செய்தால்தான் பலன். ஒரே படிக்கட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்கள் ஒரே வாரத்தில் செய்தால் இன்னும் நல்லது; பூனைக்கு எந்த வீடு யாருடையது என்று தெரியாது.

2024 பூஜைக்கும் பேரன் வந்தான். வந்ததும் வராததுமாக மினுவின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, அரிசி இல்லை" என்றான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் நான் எழுந்து பார்த்தபோது மினு அவள் காலடியில் படுத்திருந்தது, அவள் நகர்த்தவில்லை.